21 வருஷம் கழித்து மறுபடி கடலில் நீந்தலாமா?

கேட்டிருப்பவர் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்துக்காரர், வயது 47. பள்ளிக்கூட நாளில் கடலிலும் ஊரணியிலும் கண் சிவக்கச் சிவக்கக் கிடந்தவர். அப்புறம் சவுதி, துபாய் என்று 21 வருஷம். ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். பிரஷர் கொஞ்சம் கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போன வாரம் மச்சான்களோடு அரியமான் கடற்கரைக்குப் போனவர், பழைய நினைப்பில் இறங்கிக் கை போட்டிருக்கிறார். இருபது கை போடுவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. வலது தோளை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. “பழையபடி நீந்த முடியுமா? எங்கே, எப்படித் தொடங்குவது? இலங்கைத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வருகிறார்களே, அதெல்லாம் நம்ம வயசுக்கு நடக்குமா?” என்று கேட்கிறார். கடைசியாகக் காதைப் பற்றி ஒரு வரி.

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: முடியும். மற்றதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியிருக்கிறது. நான் 30 வருஷத்துக்கு மேல் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 32 வயதில் நீச்சலை விட்டுவிட்டு 50 வயதில் மறுபடி பிடித்தவன். அதனால் நீங்கள் அரியமானில் பட்டதை நானும் பட்டிருக்கிறேன். இன்னும் மோசமாகவே பட்டிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

நீச்சல் மறக்காது என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். உங்களுக்கு இருக்கிற ஆபத்தே அதுதான். புதிதாக நீச்சல் பழகுகிற 47 வயதுக்காரரைப் பாருங்கள். முழங்கால் தண்ணீரில் நின்று அரை மணி நேரம் யோசிப்பார். இடுப்பளவு வந்ததும் யார் கையையாவது பிடித்துக்கொள்வார். அவருக்குப் பெரிய ஆபத்து வராது, பயமே அவரைக் காப்பாற்றும். நம் மாதிரி ஆள் அப்படி இல்லை. தண்ணீர் பட்டதும் கை தானாகப் போகிறது, கால் தானாக உதைக்கிறது. கை நீந்துவது பதினேழு வயது நீச்சல். அதற்கு இரத்தம் இறைக்க வேண்டிய நெஞ்சுக்கு நாற்பத்தேழு வயது. வயது ஏற ஏற உடம்பு ஆக்சிஜனை இழுத்துப் பயன்படுத்தும் திறன், உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்களுக்குப் பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் உங்களிடம் இப்போது இருப்பது பழைய இன்ஜினில் முக்கால் பங்குதான். ஆனால் கை அதைக் கேட்காது, பழைய வேகத்திலேயே போகும்.

என் கதை. 50 வயது, ஜூலை மாதம், மண்டபத்தின் வடகடல் கரை. கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி கிடந்தது. நூற்றைம்பது மீட்டர் தள்ளி ஒரு வள்ளம் நங்கூரம் போட்டிருந்தது. தொட்டுவிட்டு வரலாம் என்று போனேன். சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அடடா, உடம்பு இன்னும் அப்படியே இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு பெருமை. வள்ளத்தைத் தொட்டுத் திரும்பினேன். காற்று நேராக முகத்தில் அடித்தது. போகும்போது கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்ன அலை, திரும்பும்போது வாய் திறக்கிற நேரம் பார்த்து வாய்க்குள் வந்து விழுந்தது. நாற்பது கை போட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால் கரையில் அதே தென்னை, அதே தூரத்தில் நிற்கிறது. இன்னொரு நாற்பது போட்டேன். அப்போதும் தென்னை அங்கேதான் நின்றது. திரும்பிப் போய் அந்த வள்ளத்தின் நங்கூரக் கயிற்றைப் பிடித்தேன். கயிற்றில் படிந்திருந்த சிப்பி உள்ளங்கையைக் கீறியது. விடவில்லை. வள்ளத்துக்குள் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “போறப்ப நீந்துனது காத்து, வாத்தியாரே. இப்பத்தான் நீங்க நீந்துறீங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் கரையின் நீச்சல் பாடம் பாதி இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் ஒன்றைப் பெண்கடல் என்றும் மற்றதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் பெண்கடல், தென்கடல் ஆண்கடல். ஆனால் அது வருஷம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பினால் தலைகீழ். வடகடல் கலங்கிச் சேறாகும், தென்கடல் அடங்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், கச்சான் காலத்தில் வடகடல் ஏன் அப்படிப் படுத்துக் கிடக்கிறது என்பது. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரத்தில் அலை எழும்ப அதற்கு இடமே இல்லை. அதனால் பார்க்க அமைதி. ஆனால் மிதக்கிற எதையும் அது வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அது பிள்ளைகள் விளையாடும் காற்றுப் பந்தானாலும் சரி, ட்யூபானாலும் சரி, ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியாரானாலும் சரி. அலை அடிக்கிற கடலைப் பார்த்தால் ஆள் தானாகவே தள்ளி நிற்பான். இந்த மாதிரிக் கடல்தான் ஏமாற்றும்.

ஆகவே முதல் வழக்கம்: கரையை விட்டு வெளியே நீந்தாதீர்கள், கரையோடு நீந்துங்கள். பாக் விரிகுடா பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றிய ஆழம்தான். அரியமான் மாதிரி இடங்களில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் நெஞ்சைத் தாண்டாது. நம்மைப் போல மறுபடி தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நெஞ்சளவு தண்ணீரில் கரைக்கு இணையாகப் போங்கள். எப்போது சந்தேகம் வந்தாலும் காலை ஊன்றி எழுந்து நிற்கலாம். இரண்டாவது: முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். கச்சான் நாளில் அரியமானில் மேற்கே போய்க் கிழக்கே திரும்புவது சரி. இறங்குவதற்கு முன் ஒரு பிடி உலர்ந்த மணலை அள்ளி விட்டுப் பார்த்தால் போதும், காற்று எந்தப் பக்கம் என்று அதுவே சொல்லிவிடும்.

காற்று தவிர நீவாடு இருக்கிறது. நீரோட்டத்துக்கு மீனவர்கள் சொல்லும் பெயர் அது. காற்று அடங்கிய நாளிலும் நீவாடு இழுக்கும். அது உங்களை நகர்த்துகிறதா என்று தண்ணீரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கரையைப் பார்க்க வேண்டும். ஒரு அடையாளம் பத்தாது, இரண்டு வேண்டும். முன்னால் ஒரு தென்னை, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு செல்போன் டவர், இரண்டும் நேர்கோட்டில் தெரிகிற இடத்தில் இறங்குங்கள். ஐந்து நிமிடம் சும்மா மிதந்துவிட்டுப் பாருங்கள். டவர் தென்னையை விட்டு விலகிவிட்டதென்றால் நீங்கள் நகர்ந்திருக்கிறீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். நடுக்கடலில் வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கப் பாட்டன் காலத்திலிருந்து கையாளுகிற உத்திதான் இது.

எங்கே நீந்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனுஷ்கோடியின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனையில் காலை நனைப்பதோடு சரி. இரண்டு கடலும் மோதுகிற இடம், மணல் காலடியிலேயே நகரும், குளிக்கக் கூடாது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். பாம்பன் கால்வாய்ப் பக்கம் இரண்டு கடலுக்கும் நடுவே தண்ணீர் ஆறு மாதிரி ஓடும், அங்கேயும் வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு நீந்திப் போகலாமா என்று சில இளவட்டங்கள் கேட்பதுண்டு. அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைத்தால் வழக்குதான். படகு கட்டுகிற துறையில் நீந்தவே நீந்தாதீர்கள். ஃபைபர் படகில் வருகிறவர் கண்ணுக்குத் தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை தெரியவே தெரியாது. ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. தலையில் மாட்டினால் கோமாளி மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

கண்மாய், ஊரணி? பழைய பாசத்தில் அங்கே இறங்கத் தோன்றும். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீர், அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் ஆகும். இன்னொன்றும் உண்டு. ஒரு கன மீட்டர் கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 25 கிலோ கனம். அந்தக் கனம்தான் உங்களைத் தூக்கிப் பிடிக்கிறது. கடலில் சுகமாக மிதக்கிறவருக்கு ஊரணியில் கால் கீழே இழுக்கும். அப்போது பயந்துபோய் அடிக்க ஆரம்பிப்பார்.

இனி உடம்புக்கு வருவோம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் டாக்டரிடம் போக வேண்டும். சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே தண்ணீரின் அழுத்தம் கால், வயிற்றிலிருந்து அரை லிட்டருக்கு மேல் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிடும். கடலில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கு வருகிறதே, அதற்குக் காரணமும் இதுதான். இதயம் நிரம்பிவிட்டது என்று உடம்பு தண்ணீரை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு இது ஒன்றுமில்லை. பிரஷர் ஏறிய இதயத்துக்கு இது ஒரு சுமை. அதனால் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். 47 வயது, சர்க்கரை, பிரஷர் மூன்றும் சேர்ந்திருப்பதால் ட்ரெட்மில் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். நீந்தப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘எக்ஸர்சைஸ்’ என்று சொன்னால் அவர் நடைப்பயிற்சி என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார்.

தண்ணீரில் இருக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, தலைச்சுற்றல், காரணமில்லாத படபடப்பு வந்தால் அன்றைய நீச்சல் முடிந்தது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: நீந்தும்போதே தொண்டையில் கரகரப்போடு இருமல், மூச்சுவிடச் சிரமம், நுரை நுரையாகச் சளி, சில சமயம் இளஞ்சிவப்பாக. தண்ணீர் குடித்துவிட்டோம் என்று நினைத்துக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம், பிரஷர் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். உடனே வெளியே வந்து 108.

சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குகிற பயம் குறைவு. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ என்றால் கதை வேறு. தரையில் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், தெரிந்துவிடும். தண்ணீரில் வியர்வையும் தெரியாது, நடுக்கமும் தெரியாது. இறங்கும் முன் குத்திப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு இறங்குங்கள். கரையில் ஒரு டப்பாவில் குளுக்கோஸ் வைத்திருங்கள், கூட வருகிறவருக்கும் அது எங்கே என்று சொல்லி வையுங்கள். சுபுஹு தொழுதுவிட்டு ஒரு டீயோடு நேராகக் கடலுக்குப் போகிற ஆசை எனக்குப் புரிகிறது. அந்த நேரம்தான் கடலும் நல்ல நேரம். ஆனால் டீ பத்தாது, இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். நோன்பு மாதத்தில் நீச்சலை விட்டுவிடுங்கள். பெருநாள் கழித்து, விட்ட இடத்தில் இருந்து தொடங்காமல் அதில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

சர்க்கரைக்காரருக்கு இன்னும் முக்கியமானது கால். நம் கடலில் சிப்பி, பவளத்துண்டு, முள் எல்லாம் உண்டு. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டியதே தெரியாது. உப்புநீரில் வாழ்கிற விப்ரியோ வகைக் கிருமிகள், சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்குச் சின்னப் புண் வழியாகப் புகுந்து வேகமாகப் பரவக் கூடியவை. ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி போட்டுக்கொண்டே இறங்குங்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை பாருங்கள். காலில் ஆறாத புண் இருந்தால் அது ஆறும் வரை கடல் இல்லை. நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும், மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சொறி என்கிற ஜெல்லி மீன் பட்டால் கடல்நீரிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைத் தேய்க்காமல் எடுத்துவிட்டு வெந்நீர் ஒத்தடம். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ காத்திருக்க வேண்டாம். காலில் புல் சுற்றினால் மட்டும் பயப்படாதீர்கள். வடகடலில் கடல்புல் மண்டிக் கிடக்கும். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற மேய்ச்சல் நிலம் அது. யாரையும் பிடித்து இழுக்காது.

இருபது கைக்குள் மூச்சு முட்டியதே, அதற்கு வருகிறேன். காற்று போதாமல் முட்டியது என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் வேறு: உள்ளே இருந்த காற்றை நீங்கள் வெளியே விடவே இல்லை. நாம் எல்லோரும் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தயத்துக்குப் போகிற மாதிரிக் கை போடப் பழகியவர்கள். பதினேழு வயதில் அது நடந்தது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். அப்புறம் நீங்கள் நீந்தவில்லை, ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். உள்ளே அடைத்துக் கிடக்கிற கரியமில வாயுதான் ‘மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது’ என்று கத்துகிறது. நீங்களோ இன்னும் இழுக்கப் பார்க்கிறீர்கள். நிரம்பிய குடத்தில் மேலும் எப்படி ஊற்றுவது?

ஆகவே முதல் இரண்டு வாரம் தூரம் என்கிற பேச்சே வேண்டாம். நெஞ்சளவு தண்ணீரில் நில்லுங்கள். நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே விட்டு, மூக்கு வழியாக ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். குமிழி காதோரம் ஏறும். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் ஒரு இழுப்பு. மறுபடி முனகல். இதைப் பத்துப் பத்தாக ஐந்து முறை. அப்புறம் மல்லாந்து மிதப்பது. காதுவரை தண்ணீரில், வயிற்றை மேலே விட்டு, இரண்டு நிமிடம் கையைக் காலை அசைக்காமல் கிடக்க முடிகிறதா பாருங்கள். கடலில் இது உங்கள் உயிர்க் காப்பீடு. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலும் சரி, களைத்துப்போனாலும் சரி, மல்லாந்து படுத்து, கால் கட்டைவிரலை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் சமாளிக்கலாம். இந்த இரண்டும் வந்த பிறகு எட்டு கை நீந்தி, எழுந்து நில்லுங்கள். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வரை நில்லுங்கள். அப்புறம் அடுத்த எட்டு. மொத்தம் இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பிள்ளைகள் கரையிலிருந்து பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்தார்கள் என்பதற்காக வேகம் கூட்டியவர்கள்தான் தோளைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 25 மீட்டர், எட்டுத் தடவை, இடையில் நின்று நின்று. கரையில் இரண்டு குச்சி நட்டு அளந்துகொள்ளுங்கள். வாரத்துக்கு வாரம் மொத்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள். இப்படிப் போனால் மூன்று நான்கு மாதத்தில் நிற்காமல் 300, 400 மீட்டர் வந்துவிடும். எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நீச்சலும் நடையும் சேர்த்து அதை எட்டினால் சர்க்கரை ரிப்போர்ட்டிலேயே வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு. மாத்திரையை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

தோளைப் பற்றி. தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநாண்கள் இருபது வருஷம் தலைக்கு மேலே கை தூக்கும் வேலையே செய்யாமல் இருந்தவை. திடீரென்று வேகமாகச் சுழற்றினால் உரசி வீங்கும். இப்போது வலி முழுக்க நின்ற பிறகே தொடங்குங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: பின்பக்கம் சட்டைக் காலரைத் தொடவோ, முதுகுக்குப் பின்னால் கை கொண்டுபோகவோ மாதக்கணக்கில் சிரமம் இருக்கிறதா? இருந்தால் அது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்கிற தோள் இறுக்கமாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கு 40-லிருந்து 60 வயதுக்குள் அதிகம் வருவது. அதை நீந்திச் சரி செய்ய முடியாது, பிசியோதெரபி வேண்டும். அந்தத் தொல்லை இல்லையென்றால் முதல் மாதம் தவளை நீச்சலும் மல்லாந்த நீச்சலும் அதிகம், கைபோட்டு நீந்துவது குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தவளை நீச்சல் உதை ஒத்துவராது, அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பழைய கூட்டாளிகள் சேர்ந்தால் ஒரு விளையாட்டு நிச்சயம் வரும்: யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது, யார் உள்நீச்சலில் அதிக தூரம் போவது. நாமெல்லாம் செய்ததுதான். முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பத்து மூச்சு இழுத்து விடுவோமே, அது கூடுதல் காற்றைச் சேர்த்துக் கொடுப்பதில்லை. கரியமில வாயுவைக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். மூச்சு முட்டுகிற எச்சரிக்கையே வராமல், தண்ணீருக்குள்ளேயே சத்தமில்லாமல் மயங்கிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கிறவருக்கு ஆள் இன்னும் போட்டியில் இருக்கிறான் என்றே தோன்றும். நாற்பது தாண்டியவர்களின் கூட்டத்தில் இந்தப் பந்தயத்துக்கு நான் நடுவராக நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குடித்துவிட்டு இறங்குகிறவரோடு சேர்ந்தும் இறங்குவதில்லை.

மூச்சடக்குவதைத் தொழிலாகவே செய்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பன், சின்னப்பாலம் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்கள். அந்த ஊர் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி பரிசு கிடைத்தது, நினைவிருக்கலாம். ஐம்பது தாண்டியவர்கள்கூட விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்குவார்கள். நான் ஒரு காலை முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர்கூட அவசரமாக இறங்கவில்லை. இடுப்பளவில் நின்று முகத்தை நனைத்து, பேச்சை முடித்து, அப்புறம்தான் முங்கினார்கள். எழுந்ததும் அடுத்த முங்கலுக்கு முன் ஊர்க்கதை ஒன்று ஓடும். நான் சொன்ன ‘முழு வாக்கியம் பேச முடிகிற வரை நில்லுங்கள்’ என்கிற கணக்கு அங்கே பார்த்து எடுத்ததுதான். தனியாக ஒருவரும் போவதில்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். நீங்களும் தனியாகப் போகாதீர்கள். கரையில் ஒரு ஆள், அவர் கையில் கயிறு கட்டிய லாரி ட்யூப். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, அவர் செல்லில் இருக்கட்டும்.

சரி, தலைமன்னார் ஆசை. சிரிக்க மாட்டேன். 1966-இல் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்து சேர 25 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் போகவும் வரவும் சேர்த்தே நீந்தினார். இவர்களெல்லாம் வேறு ரகம், விடுங்கள். உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறவர் தெலங்கானாவைச் சேர்ந்த சியாமளா கோலி. நாற்பதைத் தாண்டிய பிறகு நீச்சல் கற்றவர். 2021 மார்ச்சில், நாற்பதுகளின் பிற்பகுதியில், சுமார் 30 கிலோமீட்டரை 13 மணி 43 நிமிடத்தில் கடந்து கரையேறினார். ஆக, வயது ஒரு தடையில்லை. ஆனால் அவர் கூடவே படகு வந்தது, பயிற்சியாளர் வந்தார், இரண்டு நாட்டு அனுமதியும் இருந்தது, பின்னால் வருஷக்கணக்கான பயிற்சி இருந்தது. நீங்கள் முதலில் அரியமானில் இரண்டு குச்சிக்கு நடுவே போய் வாருங்கள். அடுத்த வருஷம் பங்குனியில், காற்று இரண்டு பக்கமும் அடங்கியிருக்கும்போது, ஒரு கிலோமீட்டர் கரையோடு நீந்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

சித்திரை, வைகாசியில் ஏழரைக்குள் கரையேறிவிடுங்கள். அந்த மாதங்களில் கடலே வெதுவெதுப்பாகிவிடும், வியர்ப்பது தெரியாமல் உடம்பு வறண்டுபோகும். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். அக்குளில் உப்பு அறுக்கும், கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். கண்ணில் லென்ஸ் போடுகிறவராக இருந்தால் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பவர் போட்ட நீச்சல் கண்ணாடியே கிடைக்கிறது.

கடைசியாகக் காது. சின்ன வயதில் வலது காதில் சீழ் வடிந்தது, இப்போது பஞ்சில் தேங்காய் எண்ணெய் நனைத்து அடைத்துக்கொண்டு நீந்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பஞ்சு தண்ணீரை உறிஞ்சிக் காதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். சீழ் வடிந்த காது என்றால் செவிப்பறையில் பழைய ஓட்டை மூடாமல் இருக்கலாம். ஓட்டை வழியாகக் கடல்நீர் நடுக்காதுக்குப் போனால் பழைய சீழ் திரும்பும். அதோடு, திடீரென்று தலை சுற்றி, தண்ணீரில் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் போகும். இ.சி.ஜி. எடுக்கப் போகிற அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்கிற வரை முகத்தை உள்ளே விடுகிற பயிற்சியைத் தொடங்க வேண்டாம், நெஞ்சளவு தண்ணீரில் நடந்துகொண்டிருங்கள்.